ஊசியும் பேனாவும்

மார்கழி பிறந்துவிட்டால் கண்டியின் காலைப் பொழுதுகள் குளிர்ந்துவிடுகின்றன. வாவியின் மீது பனிப்புகை படிகிறது. கம்பளை, கலஹா, தலாத்துஓயாப் பக்கங்களிலிருந்து நகருக்கு வரும் பஸ்களில் கம்பளிச் சட்டை அணிந்த பாடசாலைச் சிறுவர்களைக் காண்கிறோம். அச்சட்டைகளுட் பல கடையில் வாங்கியவை. சில, வீட்டில் தாயோ பாட்டியோ ஊசி பிடித்துப் பின்னியவை.

அத்தகைய பஸ் ஒன்றில் அண்மையில் ஓர் ஆசிரியையைச் சந்தித்தோம். நம்முடைய பக்கங்களைத் தவறாது வாசிப்பவர். மாணவப் பருவத்தில் இரண்டு மூன்று நல்ல சிறுகதைகள் எழுதியவர். மடியில் நீல நிறக் கம்பளி நூலுருண்டை. கைகளில் இரண்டு ஊசிகள். அக்காள் மகனுக்குச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். புதிதாக ஏதேனும் எழுதினீர்களா என்று கேட்டோம். பாதியில் நின்ற கதை ஒன்று மூன்று ஆண்டுகளாகக் கொப்பியில் இருக்கிறது என்றார். சற்று நேரம் ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பின்னலுக்கு நேரம் கிடைக்கிறது ஐயா, எழுத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை” என்றார்.

அவருடைய கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று அறிவுரை கூறி விடைபெறலாம். ‘பின்னலை விட்டு எழுத்தைப் பிடியுங்கள்’ என்றும் சொல்லலாம். இரண்டும் தவறான விடைகள் என்பதே நம் கருத்து.

பின்னல் வேலையின் இயல்பை முதலில் நோக்குவோம். அது துண்டுபட்ட நேரத்திற்கென்றே அமைந்த தொழில். பஸ் பயணத்தில் இருபது நிமிடம், சோறு வேகும்வரை பத்து நிமிடம், குழந்தை உறங்கும்வரை கால் மணி என்று கிடைக்கும் துணுக்குகளையெல்லாம் அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு வரிசையை முடித்து ஊசியைச் செருகி வைத்தால், மறுநாள் எடுக்கும்போது அந்த இடத்திலேயே அது காத்திருக்கும். கை தானே நினைவு வைத்திருக்கிறது. வாய் பேசலாம், காது கேட்கலாம், கண் அடுப்பைப் பார்க்கலாம். எழுத்தோ அவ்வாறன்று. அது முழு மனத்தையும் கேட்கிறது. இடையில் ஒருவர் “தேநீர் இல்லையா?” என்று கேட்டால், உருவாகிக்கொண்டிருந்த வாக்கியம் கலைந்துவிடுகிறது. கலைந்தது மறுநாள் அதே வடிவில் திரும்பி வருவதில்லை.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. பின்னுகின்ற பெண்ணைக் குடும்பம் மெச்சுகிறது; அவள் பிறருக்காக உழைக்கிறாள் என்று கருதுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகின்ற பெண்ணையோ, தனக்காக நேரத்தை எடுத்துக்கொள்பவள் என்று பார்க்கிறது. இப்பார்வை வெளியாரிடம் மட்டுமன்றி அவள் நெஞ்சிலும் குடிகொண்டிருக்கிறது. ஊசியை எடுக்கையில் எழாத குற்றவுணர்வு, பேனாவை எடுக்கையில் எழுகிறது. மேலும், சட்டைக்கு ஒரு கெடு உண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டால் அது பயன்படாது. கதைக்கு அத்தகைய கெடு எதுவும் இல்லை. ஆதலால் எந்த நெருக்கடியிலும் முதலில் தள்ளிவைக்கப்படுவது கதையே.

ஊசி பேனாவுக்குப் பகை அன்று என்பதற்கு நம் நகரோடு சிறிது தொடர்புடைய ஒரு சான்று உண்டு. 1907ஆம் ஆண்டில் கண்டிக் கச்சேரியில் இளம் அதிகாரியொருவர் பணியாற்றினார். அவர் பெயர் லெனாட் வூல்ஃப். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, பின்னர் அம்பாந்தோட்டைக்குச் சென்று, 1911இல் தாயகம் திரும்பியவர். அடுத்த ஆண்டில் அவர் மணந்த பெண்மணியே பின்னாளில் ஆங்கில நாவலின் போக்கை மாற்றிய வர்ஜீனியா வூல்ஃப். திருமணம் நடந்த அக்காலத்தை அடுத்து, தமக்கை வனெசா பெல் தீட்டிய ஓவியமொன்றில், வர்ஜீனியா சாய்வு நாற்காலியில் பின்னல் வேலையோடு அமர்ந்திருக்கிறார். 1917இல் தம்பதியர் ஒரு கையச்சு இயந்திரத்தை வாங்கி வீட்டு உணவறையில் வைத்தனர். காலையில் எழுதிய அம்மையார், பிற்பகலில் அதில் எழுத்துக் கோத்தார். மனத்தின் களைப்பைக் கைவேலை ஆற்றியது.

1927இல் அவர் வெளியிட்ட ‘கலங்கரை விளக்கிற்கு’ என்னும் பொருள்படும் பெயருடைய நாவலைப் படித்தோர் திருமதி ராம்சேயை மறந்திருக்க மாட்டார்கள். எட்டுப் பிள்ளைகளின் தாயாகிய அவள், விருந்தினரைக் கவனித்துக்கொண்டும் கணவனைத் தேற்றிக்கொண்டும், கலங்கரை விளக்கக் காவலரின் நோயுற்ற மகனுக்காக ஒரு காலுறை பின்னுகிறாள். தன் சின்ன மகனின் காலில் வைத்து அளந்து பார்க்கிறாள், நீளம் போதவில்லை. அன்றிரவு, அதை முடிக்கப் போவதில்லை என்று அவளே உணர்கிறாள். நாவலின் அடுத்த பகுதியில் அவளுடைய மரணம் ஒரே வாக்கியத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது. அதே வீட்டுக்கு விருந்தாளியாக வந்த லிலி பிரிஸ்கோ என்னும் ஓவியப் பெண், ஆண்டுகள் பல சென்றபின் தன் படத்தை முடிக்கிறாள். ஒருத்தி உயர்ந்தவள், மற்றவள் தாழ்ந்தவள் என்று ஆசிரியர் கூறவில்லை. ஆயினும், எல்லோருடைய தேவையையும் நிறைவு செய்தவளின் கைவேலை முடியாமற் போயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் வருமானமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் அதே அம்மையார் எழுதினார். இன்றும் கல்லூரிகளில் அதனை எடுத்துரைக்கிறோம். ஆனால் அந்த அறையின் கதவு சாத்தப்பட்டிருந்தபோது அடுக்களையில் நின்றவர் யார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. 1916 முதல் 1934 வரை அவ்வீட்டில் சமைத்தவர் நெல்லி பாக்ஸால் என்ற பணிப்பெண். இருவருக்கும் ஓயாத பிணக்கு இருந்தது. எனினும் அந்த உழைப்பின் மேலேதான் எழுதும் காலைகள் அமைந்திருந்தன.

இதை நாம் கண்டியில் அமர்ந்து சொல்லும்போது, நம் வீடுகளையும் நோக்க வேண்டியவர்களாகிறோம். மலையகத் தோட்டங்களிலிருந்து சிறு பெண்களை நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. கற்றவர்களும், கலைஞர்களும்கூட இதற்கு விலக்கல்லர். இலங்கையில் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021ஆம் ஆண்டிலேயே 16 ஆக உயர்த்தப்பட்டது. ஒருவரது எழுதும் நேரம், பாடசாலைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு சிறுமியின் காலைப் பொழுதிலிருந்து எடுக்கப்படுமாயின், அதனை வாழ்வின் சமநிலை என்று நாம் அழைத்தலாகாது.

அச்சிறுமியின் தாயும் பாட்டியும் எவ்வாறு இலக்கியம் படைத்தார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. கண்டிக்கு அணித்தாயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கிய தொழிலின் பெருஞ்சுமை பெண்களின் தோளில் ஏறியது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறினாள் அப்பெண். நாள் முழுதும் இரண்டு கைகளும் கொழுந்தில் இருந்தன. அவளுக்கு எஞ்சியது குரல் ஒன்றே. ஆகவே தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் கும்மியாகவும் பாடினாள். வேலையோடு இசைந்து வரக்கூடிய இலக்கியம் பாடலாக இருந்தமையால் பாடல் பிறந்தது. உட்கார்ந்து எழுத வேண்டிய உரைநடை பிறக்கவில்லை. பாடல்களிலும் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் லயம் லயமாகச் சென்று தொகுத்தவையே நமக்குக் கிடைத்தன. பாடியவரோடு மறைந்தவற்றுக்குக் கணக்கில்லை.

பேனாவையும் பொதுவாழ்வையும் ஒருங்கே ஏந்திய மீனாட்சியம்மை நடேசையரையும் இங்கே குறிப்பிடாதிருத்தல் இயலாது. தொழிற்சங்கப் பணிக்காகக் கணவரோடு தோட்டந்தோட்டமாகச் சென்ற அவர், தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். 1940இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். அவர் தெரிந்துகொண்டதும் பாடல் வடிவமே. கேட்போருக்கு அது பொருந்தியது. அலைந்து திரிந்த வாழ்வுக்கும் அது பொருந்தியிருக்கும்.

தொழிலும் எழுத்தும் ஒருவரிடத்தே கூடி வாழ முடியும் என்பதற்குக் கண்டியிலேயே ஆண்கள் பலர் சான்றாக உள்ளனர். வழக்கறிஞராகிய சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை அளித்தார். நம் காலத்தில் மருத்துவராகிய தி. ஞானசேகரன் 2000ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கினார். இவர்களின் உழைப்பு போற்றுதற்குரியது. எனினும் நம் இலக்கிய வரலாறுகள் பொதுவாக ஒன்றைப் பதிவதில்லை: எழுதியவர் எழுதிக்கொண்டிருந்தபோது அந்தந்த வீட்டில் உலையேற்றியவர் யார் என்பதே அது.

இனி, அந்த ஆசிரியைக்கு நாம் கூறும் விடை என்ன? பின்னலை விடவேண்டாம், அதனிடம் பாடம் கேளுங்கள் என்பதே.

பின்னுபவர் சட்டை முழுவதையும் ஒரே நாளில் முடிக்க எண்ணுவதில்லை. இன்றைக்கு நான்கு வரிசை என்று அளவு வைத்துக்கொள்கிறார். எழுத்துக்கும் நாளுக்கு அரைப் பக்கம் என்று அளவு வைத்துக்கொள்ளலாம். பின்னுபவர் நடு வரிசையில் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் கண்ணிகள் நழுவும். எழுதுபவரும் அடுத்த வாக்கியம் இன்னது என்று ஓரத்தில் குறித்துவிட்டு எழுந்தால், மறுநாள் வெறுந்தாளின் முன் திகைக்க நேராது. ஒரு கண்ணி தவறியது பத்து வரிசை கடந்து தெரிந்தால், பின்னுபவர் கலங்காமல் பிரிக்கிறார், நூல் வீணாவதில்லை. நாமோ எழுதியதை அடிக்க அஞ்சிக் கதையையே கைவிடுகிறோம். கெடுவைப் பொறுத்தமட்டில், அதனை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பங்குனிக்குள் கதையைக் காட்டுகிறேன் என்று ஒரு நண்பரிடம் வாக்களிப்பதும் கெடுவே.

ஆனால் இவையனைத்தும் எழுதுபவரின் பங்கு மட்டுமே. அவரைச் சூழ்ந்தவர்களின் பங்கு வேறு. ஒருநாளில் ஒரு மணி நேரம் அடுக்களையும் பிள்ளைகளின் பாடமும் கணவரின் பொறுப்பு என்றாகாதவரையில், மேற்கூறிய யோசனைகள் களைத்த பெண்ணின் மேல் ஏற்றும் மற்றொரு சுமையாகவே முடியும். நம் இலக்கிய வட்டங்களும் தம்மை ஆராய்தல் நன்று. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்குக் கலஹாவிலிருந்து ஒரு பெண் எவ்வாறு வந்து திரும்புவார்? வந்தவரிடம் தேநீர்த் தட்டைக் கொடுத்துவிட்டு, மேடையில் ஆண்களே பேசிக் கலைந்த கூட்டங்கள் எத்தனை? பேராதனை வளாகத்தில் விடுதி அறையும் நீண்ட மாலையும் வாய்த்திருக்கும் மாணவ மாணவியர் இன்று எழுதுகிறார்கள். அவர்களுள் யார் பத்தாண்டு கடந்தும் எழுதுவார் என்பதைத் திறமை மட்டுமே தீர்மானிக்கவில்லை. பட்டம் பெற்றபின் அமையப்போகும் வீட்டின் வழக்கங்களும் தீர்மானிக்கின்றன. இதனை மாணவர்கள் இப்பொழுதே பேசிக்கொள்ளல் நலம். மாணவியரைக் காட்டிலும் மாணவர்களே பேச வேண்டும்.

அந்த நீலச் சட்டை இந்தக் குளிருக்குள் முடிந்துவிடும். அடுத்த மார்கழியில் அது சிறுவனுக்குச் சிறிதாகிவிடும். தம்பி ஒருவன் அணிவான். அதன் பயன் சிறிதன்று. ஆனால் கொப்பியில் பாதியாய் நிற்கும் கதையில் வரும் மனிதர்களை அந்த ஆசிரியையையன்றி வேறொருவர் எழுத முடியாது. அவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. ஊசிகளைச் செருகி நூலைச் சுற்றிப் பையில் வைத்தபோது, அப்பையின் அடியில் பழைய கொப்பியொன்று கிடப்பதைக் கண்டோம். அதை அவர் இன்னும் உடன் கொண்டு திரிகிறார். அது வெளியே வருவதற்கு அவருக்கு நாளும் ஒரு மணி நேரம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் அவர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களும் ஒருவேளை நம்முடைய வாசகர்களே.