‘0 முடிவுகள்’னா என்ன அர்த்தம்னு எழுதி வைங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல டாக்குமெண்டேஷன் எப்போ எழுதுவீங்க? ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரிதானே? நாங்களும் அப்படித்தான் நினைச்சிருந்தோம். ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தப்போற டூலா இருந்தா அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க. ஏன்னு சொல்றேன்.

எங்க ப்ராஜெக்ட், மரக்காணம் உப்பளத்துல வேலை செய்றவங்களுக்கான கூலிக் கணக்கு ஆப். மூட்டைக் கணக்கு, முன்பணம், வாரக் கூலி எல்லாம் தமிழ்லயே இருக்கும். கோடு பெருசானதும் ஏஜென்ட் தேடிப் பார்க்க ஒரு சின்ன டூல் செஞ்சோம். உள்ளே ரிப்கிரெப், வெளியே எம்சிபி. விளக்கம்னு நாங்க எழுதினது ஒரே வரி: ‘கோடில் தேடும்.’

ஒரு நாள் ‘மொத்தம்’ காட்டுற இடத்துல ஒரு மாற்றம் செய்யச் சொன்னோம். ஏஜென்ட் அந்தச் சொல்லைத் தேடிச்சு. 0 முடிவுகள். அப்படி எதுவும் இல்லைன்னு முடிவு பண்ணி, புதுசா ஒரு ஃபங்ஷன் எழுதிடுச்சு. பழைய ஃபங்ஷன் அங்கேயேதான் இருந்தது. பழையது முன்பணத்தைக் கழிக்கும், புதுசு கழிக்காது. ஒரே ஆளுக்கு ஒரு ஸ்கிரீன்ல ஒரு தொகை, அடுத்த ஸ்கிரீன்ல வேற தொகை. டெஸ்ட் டேட்டாங்கிறதால தப்பிச்சோம். நிஜமா ஒருத்தர் கூலி வாங்க வந்து நிக்கும்போது நடந்திருந்தா?

காரணம் யூனிகோட். ‘மொ’வுல இருக்கிற ஒகரக் குறி ஒரே குறியீடாவும் இருக்கலாம், கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டு குறியீடாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ரிப்கிரெப்புக்கு ரெண்டும் வேற வேற. வேற இடத்துல இருந்து காப்பி பண்ணின எங்க ஃபைல்ல இருந்தது ரெண்டாவது வகை.

ஏஜென்ட் மேல பழி போடத் தோணும். ஆனா அதுக்கு நாம என்ன கொடுத்தோம்? எம்சிபி-யில டூலோட பேர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தரணும்ங்கிற விவரம், இதை வச்சுத்தான் மாடல் முடிவெடுக்குது. டூலுக்குள்ள இருக்கிற கோடு அதுக்குத் தெரியாது.

எங்க ஊர் பெரிய முதலியார்சாவடி. ஈசிஆர்ல இருந்து ஆரோவில்லுக்குத் திரும்புற இடம். வழி கேட்கிறவங்ககிட்ட ‘நேரா போங்க’ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். நமக்குத் தெரிஞ்ச ரோடு, அதனால அது போதும்னு தோணும். புதுசா வர்றவருக்கு எங்கே திரும்பக் கூடாதுங்கிறதும் தெரியணும்.

கென் தாம்ப்சன் 1973-ல கிரெப் எழுதினது மனுஷங்களுக்காக. 2016-ல ஆண்ட்ரூ கேலண்ட் வெளியிட்ட ரிப்கிரெப்பும் அப்படித்தான். மனுஷங்களுக்குச் சரியா இருக்கிறது ஏஜென்ட்டுக்குச் சரியா இருக்கும்னு இல்லை. 2024-ல பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் கட்டுரையைப் பாருங்க. முடிவுகளை ஒவ்வொண்ணா காட்டுற தேடலைக் கொடுத்தப்போ, ஏஜென்ட் ‘அடுத்தது, அடுத்தது’ன்னு கடைசி வரை போய் நேரத்தை வீணாக்கிச்சு. 12 சதவீதப் பிரச்சினைகளைத்தான் தீர்த்தது. தனித் தேடல் டூலே இல்லாதப்போ 15.7 சதவீதம். சுருக்கமா பட்டியல் போட்டு, 50 முடிவுக்கு மேல போனா ‘இன்னும் குறிப்பா தேடு’ன்னு சொன்ன டூலோட 18 சதவீதம்.

அப்போ விளக்கத்துல என்ன எழுதணும்? நான் சொல்றது நாலு விஷயம். எதைத் தேடும்: எழுத்தையா, அர்த்தத்தையா? எதைத் தேடாது: ரிப்கிரெப் சாதாரணமா கிட்இக்னோர்ல உள்ள ஃபைல், மறைஞ்ச ஃபைல், பைனரி ஃபைல் மூணையும் தாண்டிப் போயிடும். எப்படிக் கேட்கணும்: ரெகெக்ஸ்னா அதைச் சொல்லணும், மூடாத ஒரு அடைப்புக்குறி போதும் எரர் வர. கடைசியா, 0 வந்தா என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்யணும்.

‘விளக்கம் நீளமானா கான்டெக்ஸ்ட் வீணாகுமே?’ன்னு கேட்பீங்க. ஆகும். ஒவ்வொரு தடவையும் அது கூடவே போகுது. அதனாலதான் பக்கம் பக்கமா வேண்டாம், நாலு வரி போதும்னு சொல்றேன். ‘எழுதுறதுக்குப் பதிலா டூலையே சரி பண்ணலாமே?’ன்னும் கேட்கலாம். பண்ணிட்டோம். இப்போ சொல்லை ரெண்டு வடிவத்துலயும் தேடும். ஆனா அந்தக் கோளாறு எப்போ தெரிஞ்சது தெரியுமா? ‘இந்த டூல் எதைக் கண்டுபிடிக்காது’ன்னு எழுத உட்கார்ந்தப்போதான். அதை முதல் நாளே எழுதியிருந்தா, ரெண்டு தொகை வந்திருக்காது.

உங்க டூலுக்கு அந்த ஒரு வரியை இன்னைக்கே எழுதிப் பாருங்க. எழுத வரலைன்னா, உங்க டூல் என்ன செய்யுதுன்னு உங்களுக்கே இன்னும் முழுசா தெரியலைன்னு அர்த்தம்.