இரண்டு ஆண்களின் காதல் தொடர்: கைத்தொலைபேசியில் பார்க்கலாம், வரவேற்பறையில்?

ரயிலில் போகிறீர்கள். பக்கத்தில் இருப்பவரின் கைத்தொலைபேசித் திரை தற்செயலாகக் கண்ணில் படுகிறது. பல்கலைக்கழகச் சீருடையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் கித்தார் வாசிக்கிறான். மற்றவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொள்கிறார்.

இரண்டு நண்பர்களின் கதை என்று நினைத்தீர்களா? இல்லை. காதல் கதை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் "அட, இது எனக்குத் தெரியுமே!" என்பீர்கள். சிலர் முகம் சுளிப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், சிங்கப்பூரில் இப்படிப்பட்ட தொடரைப் பார்க்கலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. "இங்க அதெல்லாம் தடை" என்கிறார் ஒருவர். "அதான் சட்டத்தையே எடுத்துட்டாங்களே, இனி என்ன?" என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே சரியில்லை.

எங்கிருந்து வந்தது இந்த அலை?

இந்த வகைத் தொடர்களுக்கு "பிஎல்" என்று பெயர். "பாய்ஸ் லவ்" என்பதன் சுருக்கம். 1970களில் ஜப்பானியப் பெண் ஓவியர்கள் சிலர் வரைந்த மங்கா சித்திரக் கதைகளில் தொடங்கியது. வரைந்தவர்களும் பெண்கள், விரும்பிப் படித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். அதை ஒரு பெரிய தொலைக்காட்சித் தொழிலாக மாற்றியது தாய்லந்து. 2014இல் "லவ் சிக்", 2016இல் "சோட்டஸ்" என்று மெல்லத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் "டூகெதர்" வந்தது. அதற்குப் பிறகுதான் அலை.

"டூகெதர்" கதை எளிமையானது. தன்னை விடாமல் துரத்தும் ஒருவனிடமிருந்து தப்பிக்க நினைக்கிறான் டைன் என்ற மாணவன். கல்லூரியே கொண்டாடும் சரவாட்டிடம் போய், "என் காதலன் மாதிரி நடி" என்று கேட்கிறான். நடிப்பு நிஜமாகிறது. அவ்வளவுதான். நம்ம ஊர் சினிமாவில் ஆணும் பெண்ணுமாக எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

ஆனால் அது வந்த நேரம் முக்கியம். 13 பாகங்களும் ஒளிபரப்பான மாதங்களில் பாதி உலகம் வீட்டில் அடைந்து கிடந்தது. இங்கும் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தது. தயாரிப்பு நிறுவனமான ஜிஎம்எம்டிவி ஒவ்வொரு பாகத்தையும் துண்டு துண்டாக, ஆங்கில வசன வரிகளோடு, யூடியூபில் இலவசமாகப் போட்டது. தாய் மொழி தெரியாதவர்களும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

இன்று அந்தத் தொடர்களின் நடிகர்கள் ஜோடி ஜோடியாக விளம்பரங்களில் வருகிறார்கள். வெளிநாடுகளில் ரசிகர் சந்திப்பு நடத்துகிறார்கள். அதில் குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. திரையில் ஜோடியாக நடித்தவர்கள் வெளியிலும் ஜோடி மாதிரியே நடந்துகொள்ளவேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது நடிகர்களுக்குப் பெரும் சுமை. கதாநாயகன் "எனக்கு ஆண்களைப் பிடிக்காது, இவனை மட்டும்தான் பிடிக்கும்" என்கிற ரீதியில் பேசுவது பழைய தொடர்களில் வழக்கம். ஓரின ஈர்ப்புள்ள ரசிகர்களுக்கே அதில் எரிச்சல். தங்கள் வாழ்க்கையை அழகான பொம்மையாக்கி விற்கிறார்கள் என்ற வருத்தம் அது. நியாயமான வருத்தம்தான்.

சட்டம் மாறியது, திரை மாறவில்லை

சரி, சிங்கப்பூருக்கு வருவோம்.

ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்கப்போவதாக, 2022 ஆகஸ்ட் 21ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங் அறிவித்தார். நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2023 ஜனவரி தொடக்கத்தில் பிரிவு நீங்கியது. கூடவே, திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்ற வரையறையைப் பாதுகாக்க அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது.

பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்று அந்த உரையிலேயே இருக்கிறது. திருமணத்தின் வரையறையைச் சார்ந்துள்ள கொள்கைகளை வரிசையாகச் சொன்னார் திரு. லீ. பொது வீடமைப்பு, கல்வி, தத்தெடுப்பு, விளம்பரத் தரநிலை... அந்த வரிசையில் திரைப்பட வகைப்பாடும் இருந்தது. ஓரின ஈர்ப்பு சார்ந்த படைப்புகளுக்கு உயர்ந்த வயது வரம்பு தொடரும் என்று அப்போதைய தொடர்பு, தகவல் அமைச்சும் தெளிவுபடுத்தியது.

அதாவது, படுக்கையறைக்குள் அரசாங்கம் எட்டிப்பார்ப்பதில்லை. ஆனால் வரவேற்பறைத் திரைக்கான விதி பழையபடிதான்.

நடைமுறையில் அது எப்படி இருக்கிறது? ஓரினக் காதல் ஒரு கதையின் மையமாக இருந்தால் ஆர்21 வகைப்பாடு கிடைக்கலாம். துணைக்கதையாக, அடக்கமாகக் காட்டப்பட்டால் எம்18. 2018இல் வெளிவந்த "லவ், சைமன்" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தான் ஓரின ஈர்ப்புள்ளவன் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவனின் கதை. அமெரிக்காவில் பிஜி-13. இங்கே ஆர்21. கதாநாயகன் வயதிலேயே இருக்கும் ஒருவனால் இங்கே திரையரங்கில் அந்தப் படத்தைப் பார்த்திருக்க முடியாது. 2022இல் "லைட்இயர்" என்ற பிக்சார் கேலிச்சித்திரப் படம். இரண்டு பெண்களின் சிறிய முத்தக் காட்சி அதில் இருந்தது. இங்கே என்சி16 என்று வந்தது. மலேசியத் திரையரங்குகளில் படம் வரவே இல்லை.

இலவசத் தொலைக்காட்சிக்கு விதி இன்னும் இறுக்கம். ஆக உயர்ந்த வகைப்பாடே பிஜி13தான், அதுவும் இரவு 10 மணிக்குப் பிறகு. ஓரினக் காதலை ஊக்குவிப்பதாகவோ நியாயப்படுத்துவதாகவோ அழகுபடுத்துவதாகவோ நிகழ்ச்சி இருக்கக்கூடாது என்பது விதி. 2008இல் மீடியாகார்ப் ஒளிவழி 5க்கு 15,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. என்ன நிகழ்ச்சி தெரியுமா? வீட்டு அலங்கார நிகழ்ச்சி. தத்தெடுத்த குழந்தைக்காக ஓர் ஆண் ஜோடி தங்கள் வீட்டில் ஓர் அறையைத் தயார்ப்படுத்தினார்கள். அதைக் காட்டியதற்குத்தான். ஒளிபரப்புத் துறையில் இருப்பவர்கள் இன்னமும் அந்தச் சம்பவத்தைச் சொல்வதுண்டு.

இதற்கு அரசாங்கம் சொல்லும் காரணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பலரும் பழமையில் ஊறிய, பல சமயத்தவர் வாழும் சமூகம் இது. ஒளிபரப்பு விதி மக்களின் மனப்போக்கையொட்டி மெல்லத்தான் நகரவேண்டும் என்பது வாதம். மனப்போக்கும் நகர்கிறது. இப்சோஸ் நிறுவனத்தின் ஆய்வில் 377ஏ பிரிவை ஆதரித்தோர் 2018இல் 55 விழுக்காடு, 2022இல் 44 விழுக்காடு. அதாவது பிரிவு நீக்கப்பட்ட ஆண்டிலும் பத்தில் நாலு பேருக்கு மேல் அது இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். பிள்ளை என்ன பார்க்கிறது என்பதில் தனக்கு ஒரு பிடி வேண்டும் என்று ஒரு தாய் கேட்டால் அது தவறில்லை. வயது வரம்பு தடையும் இல்லை.

ஒரே தொடர், இரண்டு கதவு

எனக்கு உறுத்துவது வேறு.

கட்டணம் வாங்கும் இணைய ஒளிபரப்புத் தளங்கள் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிமுறைக்குக் கட்டுப்பட்டவை. அங்கே ஆர்21 நிகழ்ச்சி என்றால் பூட்டு வேண்டும், ரகசிய எண் வேண்டும். யூடியூபின் கதை வேறு. 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்பு விதிமுறை யூடியூப், டிக்டாக், இன்ஸ்டகிராம் போன்ற ஆறு சேவைகளுக்குப் பொருந்தும். அது குறிவைப்பது ஆபாசம், வன்முறை, தன்னையே துன்புறுத்திக்கொள்ளத் தூண்டுவது, இணையத் துன்புறுத்தல் போன்றவற்றை. இரண்டு மாணவர்கள் கைகோத்து நடக்கும் காதல் கதை அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, ஒரே தொடர் ஒரு செயலியில் பூட்டுக்குள், இன்னொரு செயலியில் ஒரே தட்டில். 14 வயதுப் பிள்ளை எந்தக் கதவு வழியாகப் போகும்?

அது மட்டுமில்லை. "டூகெதர்" தொடரில் முத்தமே போதவில்லை என்று ரசிகர்கள் புலம்பிய காலம் உண்டு. அவ்வளவு சாதுவான கதை. அதே நேரத்தில், உண்மையாகவே 21 வயதுக்கு மேற்பட்டோருக்கான காட்சிகள் நிறைந்த தொடர்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே முத்திரை விழக்கூடும் என்றால், பெற்றோருக்கு அந்த முத்திரை என்ன சொல்கிறது? உள்ளே இருப்பது ஆபாசமா, அல்லது வெறும் காதலா? என் பார்வையில், வகைப்பாட்டின் வேலையே அதைச் சொல்வதுதான். 18 வயதில் தேசிய சேவைக்குப் போகிறவன் 21 வரை காத்திருக்கவேண்டும் என்பதைக்கூட விட்டுவிடலாம். முத்திரையைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை என்றால், பெற்றோர் நாளடைவில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

விளைவு? பிள்ளைகள் பார்க்காமல் இல்லை. தனியாக, செவிப்பொறி மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. கதையில் வரும் பையன் வீட்டில் சொல்லப் பயப்படும் காட்சியில் மனம் கனத்துப்போனால், அதைப் பேச ஆளும் இல்லை.

"இந்தப் பையனோட அம்மா எங்க?"

ஈசூனில் இருக்கும் என் சித்தி ஒரு சனிக்கிழமை என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தார். தமிழ் நாடகங்களை விடாமல் பார்க்கும் சித்தி. "ஏண்டி, இதையெல்லாமா பாக்குற?" என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டதென்னவோ, "இந்தப் பையனோட அம்மா எங்க?"

யோசித்துப் பார்த்தால் கூர்மையான விமர்சனம். நிறைய பிஎல் தொடர்களில் குடும்பமே இருக்காது. விடுதி, வகுப்பறை, கடற்கரை. எதிர்க்க யாரும் இல்லாத உலகம். குடும்பம் உள்ளே வந்தால் கதை மாறிவிடும் என்பதால்தான் வெளியே வைத்திருக்கிறார்கள்போல.

குடும்பம் உள்ள தொடர் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். 2021இல் வந்த "பேட் படி". பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த இரண்டு பையன்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஜென்மப் பகை. அவர்கள் காதலுக்குத் தடை, இருவரும் ஆண்கள் என்பது இல்லை. அந்தப் பகைதான். சித்திக்கு அது உடனே பிடிபட்டது. பக்கத்து வீட்டுச் சண்டையைப் புரிந்துகொள்ள யாருக்கும் வசன வரி தேவையில்லை, இல்லையா?

தாய்லந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஓரினத் திருமணம் சட்டபூர்வமாகிவிட்டது என்றேன். "அங்க சரி" என்றார். இங்கே அப்படி ஒரு திருமணம் செல்லாது என்பது அவருக்குத் தெரியும். தன் கருத்து என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வரவேற்பறைத் தொலைக்காட்சியில், யூடியூபில், ரகசிய எண் எதுவும் இல்லாமல் இரண்டு வார இறுதிகளில் 12 பாகமும் முடிந்தது. கடைசிப் பாகத்தில் அந்த இருவரும் பெற்றோர் முன்னால் பிரிந்துவிட்டதுபோல நடிக்கிறார்கள். ரகசியமாகத் தொடர்கிறார்கள். எனக்கு அந்த முடிவு கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் இன்னும் ஒளியவேண்டும் என்று சித்தியிடம் புலம்பினேன்.

அவர் வசந்தம் ஒளிவழிக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்: "அப்பா அம்மாவுக்கெல்லாம் தெரியும்டி. தெரியாத மாதிரி இருக்காங்க."