முழுவதும் படித்தவர் முறையிடட்டும்

பள்ளி நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஆசிரியை எவரும் இதை அறிவார். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு புத்தகம், எடுத்துச் சென்ற மாணவியின் கையால் நூலகத்துக்குத் திரும்பாமல், தகப்பனார் கையால் தலைமையாசிரியை அறைக்குப் போய்ச் சேரும். கூடவே ஒரு கடிதமும் இருக்கும். இத்தகைய புத்தகத்தை எங்கள் பெண்களுக்குக் கொடுக்கலாமா என்பது அதன் சாரம்.

இப்படி எழுதும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். விடியுமுன் கம்பெனிப் பேருந்தைப் பிடித்து ஷிப்டு வேலைக்குப் போகும் தகப்பன், மகளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் அதுவே அதிகம். அவருக்கு மகள் என்ன படிக்கிறாள் என்ற கவலை வருவது இயல்பே. கவலையை மதிக்கிறேன். ஆனால் கடிதம் வந்த மறுநாளே புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து ஒளித்து வைப்பதை நான் ஏற்கவில்லை.

வயதுக்கேற்ற நூல் என்ற ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புச் சிறுமிக்குத் தருவது வேறு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்குத் தருவது வேறு. அதைத் தீர்மானிப்பது ஆசிரியையின் கடமை. அதைத் தடை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் பேசுவது, எந்த வயதினரும் படிக்கக்கூடாது என்று ஒரு நூலை இல்லாமற் செய்வதைப் பற்றி.

நமக்கு அதிகத் தொலைவில்லாத திருச்செங்கோட்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ என்ற நாவல் 2010-இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத ஒரு தம்பதியை ஊரும் உறவும் சொல்லாலேயே எப்படிச் சுட்டெரிக்கின்றன என்பதே அதன் கதை. நான்கு ஆண்டுகள் அது அமைதியாக விற்றது. படித்தார்கள், பாராட்டினார்கள், சிலர் குறையும் கூறினார்கள். 2014 டிசம்பரில் திடீரென்று எதிர்ப்புக் கிளம்பியது. கோயில் திருவிழாவையொட்டிய ஒரு பழைய வழக்கத்தைப் பற்றி நாவலில் வரும் பகுதி ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்றார்கள். நூலை எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமாதானப் பேச்சில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அப்போது அவர் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்றுதான். எதிர்த்தவர்களில் பலருக்குக் கிடைத்தது நாவல் அன்று. அதிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெங்கும் கொடுத்திருந்தார்கள். முன்னும் பின்னும் இல்லாத பக்கங்கள்! வேதாகமத்திலிருந்தேகூட நடுவில் நாலு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால், இதுவா பரிசுத்த நூல் என்று கேட்கத் தோன்றுமே. காயீன் தம்பியைக் கொன்ற பக்கம் மட்டும் கிடைத்தவன் என்ன நினைப்பான்?

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சமாதானப் பேச்சின் முடிவு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காத நூலைப் படிக்கவேண்டும் என்று எவருக்கும் கட்டாயமில்லை, மூடி வைத்துவிடலாம். ஆசிரியர் மீண்டும் எழுதட்டும் என்பது தீர்ப்பின் சாரம். அவரும் எழுதினார். பேசாதிருந்த காலத்தில் எழுதி வைத்த கவிதைகள் ‘கோழையின் பாடல்கள்’ என்று அதே ஆண்டில் நூலாயின. அதன்பின் நாவல்களும் வந்தன. ஊர் எரித்த பெயரை இன்று உலகம் அறியும்.

பழைய கதைகளும் உண்டு. பாரதியார் மறைந்து ஏழாண்டு சென்றபின், 1928-இல், அவருடைய பாடல் நூல்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்து வாதாடினார். அன்று போலீசார் வீடு வீடாகத் தேடிய பாடல்களை இன்று நாம் மனப்பாடப் பகுதியில் கேட்டு மதிப்பெண் போடுகிறோம்.

நம் திருச்சபையின் கதையையும் சொல்லவேண்டும். கத்தோலிக்கர் படிக்கக்கூடாத நூல்களுக்கென்று 1559 முதல் உரோமையில் ஒரு பட்டியல் இருந்தது. விக்டர் ஹ்யூகோவின் நாவல் ஒன்றும் 1864-இல் அதில் சேர்ந்தது. நம் தாத்தா பாட்டிமார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழிலும் படித்தார்கள், 1950-இல் திரைப்படமாகவும் கண்டார்கள். திருடனை மன்னித்து வெள்ளி விளக்குத் தண்டுகளையும் கொடுத்தனுப்பும் ஆயர் வருவது அந்தக் கதையில்தான்! ஒரு கத்தோலிக்க ஆயரின் கருணையை அதைவிட உருக்கமாகச் சொன்ன நாவல் எனக்குத் தெரியாது. அது சுமார் நூறாண்டு அந்தப் பட்டியலில் கிடந்தது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் பட்டியலே செல்லாததாயிற்று. நல்லது எது, தீயது எது என்பதை விசுவாசியின் பக்குவப்பட்ட மனச்சாட்சிக்கே திருச்சபை விட்டது. திருச்சபையே மூடிய கதவை நாம் பள்ளிக்கூடத்தில் திறந்து வைத்துக் காவல் நிற்கவேண்டுமா?

இதுவரை சொன்னது எளிது. திருச்செங்கோட்டாரையும் வெள்ளைக்காரரையும் குறை கூற நமக்குத் துணிவு தேவையில்லை. நம்மைச் சுடும் புத்தகத்தை என்ன செய்வோம் என்பதில்தான் சோதனை இருக்கிறது.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. கருக்கு என்றால் பனைமட்டையின் இருபுறமும் ரம்பம்போல் இருக்குமே, அதுதான். பாமா தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கன்னியர் மடத்தில் சேர்ந்து ஏழாண்டு இருந்து வெளியேறியவர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யப் போன இடத்தில் தாம் கண்ட சாதி வேற்றுமையை, ஊர்ப் பேச்சிலேயே, ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். முதலில் சினங்கொண்டவர்கள் அவருடைய ஊர்க்காரர்களே. சில மாதங்கள் அவர் ஊருக்குள் வரமுடியவில்லை. பிறகு அவர்களே அதைத் தங்கள் கதை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ஆம் ஆண்டில் பரிசும் பெற்றது. ஆயினும் 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அவருடைய ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

அந்தப் புத்தகம் நம் நூலகத்தில் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. அருட்சகோதரியருக்கு அதில் சில பக்கங்கள் வருத்தம் தரும் என்பதை அறிந்தே சொல்கிறேன். நம் வகுப்பறைகளில் இருக்கும் பெண்களில் எத்தனையோ பேர் பாமா நின்ற இடத்தில் நிற்பவர்கள். அவர்கள் வாழ்க்கை புத்தகமாகும் தகுதியுடையது என்று அவர்களுக்கு யார் சொல்வது? அதில் எழுதியிருப்பது தவறு என்று எண்ணும் சகோதரி, முழுவதும் படித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் எது தவறென்று எழுதட்டும். அடுத்த ஆண்டு மலரில் அதை முதற் கட்டுரையாக வெளியிடலாம்.

இங்கேதான் மாணவிகளாகிய உங்களிடம் வருகிறேன். ஒரு நூலை முழுதாகப் படித்து விடை எழுதும் ஆற்றல் ஒரே நாளில் வராது. தினமும் கொஞ்சம் எழுதுகிறவளுக்கே அது வரும். ஒரு வாக்கியத்தை நேராக நிறுத்த எவ்வளவு பாடு என்பதை அவள் அறிவாள். பிறர் நூலைக் கொளுத்த அவள் கை எழாது.

ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். மூன்று மாதமும் நாட்குறிப்பு எழுதினார். பெரிய தலைவரின் குறிப்பென்று உபதேசங்களை எதிர்பார்த்துத் திறந்தால், சிறைச் சாப்பாடும் உடல்நலமும் உடனிருந்த கைதிகளும் வருகிறார்கள். அதற்கு முன்பே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் துரை சொன்னது, ஊர் வதந்தி எல்லாம் அதில் உண்டு. இன்று சரித்திர ஆராய்ச்சியாளர் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அவர்களுக்கு மேசையும் ஓய்வும் இருந்தனவே என்று கேட்பீர்கள். துவரங்குறிச்சி சல்மாவுக்கு அவை இல்லை. பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். திருமணத்துக்குப் பின்னும் எழுதத் தடை. கிடைத்த துண்டுத் தாள்களில், இரவில், கழிப்பறையில் ஒளிந்து எழுதினார். தாயார்தான் அந்தத் தாள்களை வெளியே அனுப்ப உதவினார். முதற் கவிதைத் தொகுதி 2000-இல் வந்தது. அடுத்த ஆண்டே தம் ஊர்ப் பகுதியின் பேரூராட்சித் தலைவரானார்; 2025-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். பதினெட்டு நிறையுமுன் பெண்ணை மணப்பந்தலில் உட்கார்த்தும் வீடுகள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. ஆதலால் இந்தக் கதையைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

நாளுக்குப் பத்து வரி போதும். தேதி போட்டு எழுதுங்கள். ‘இயற்கையின் அழகு’ என்று தொடங்காதீர்கள். அதைக் கட்டுரை நோட்டில் போதுமான அளவு படித்துவிட்டேன். பாரூர் ஏரியில் இன்று தண்ணீர் எந்தப் படி வரை நின்றது, மாங்காய் கிலோ என்ன விலைக்குப் போயிற்று, அண்ணனுக்கு ஏன் வேலை நிரந்தரமாகவில்லை, இவற்றை எழுதுங்கள். உங்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள். பாட்டி சொன்ன சொல்லுக்குத் தமிழ் தெரியவில்லையென்றால் அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. ஒரு புத்தகம் கோபமூட்டினால் பக்க எண்ணைக் குறித்து, ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பப் படித்து, இன்னும் நாலு வரி.

பெற்றோருக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் ஒரு வேண்டுகோள். அந்த நோட்டைத் திறவாதீர்கள். எழுதியதைப் பிறர் படிப்பார் என்று தெரிந்த மறுகணமே பெண்பிள்ளை பொய் எழுதப் பழகுகிறாள். ‘இன்று நன்கு படித்தேன், ஜெபித்தேன், உறங்கினேன்’ என்று நோட்டு முழுதும் இருக்கும். அவள் பாதுகாப்பில் அச்சமிருந்தால் நோட்டைப் புரட்டாமல் அவளையே அருகில் அழைத்துக் கேளுங்கள்.

விடுதியில் இரவுப் படிப்பு முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அதைக் கால்மணி நேரம் தள்ளி அணைக்கவும், வாரச் சோதனையில் பெட்டியிலுள்ள நாட்குறிப்பை மட்டும் விட்டுவைக்கவும் மதர் அவர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். மின்கட்டணம் கூடும் என்பார்கள்; ஒரு மாதத்துக்கு எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டு அதையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.