தடை யார்மீது: மனிதர்மீதா, கருவிமீதா?

2009 நவம்பரில், வட்டு இயக்கியின் நிரலை மாற்றிப் படியெடுத்த வட்டுகளை ஓட்டிய எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளை மைக்ரோசாஃப்ட் தனது இணைய விளையாட்டுச் சேவையிலிருந்து பெருமளவில் விலக்கியது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பது நியாயமே. ஆனால் அத்தடை பயனர் கணக்கின்மீது அன்று, கருவியின்மீதே விழுந்தது. மாற்றியமைத்தவர் வேறு கருவி வாங்கி, அதே கணக்கில் மீண்டும் ஆடலாம். பழையதை விவரம் அறியாது வாங்கியவரே தண்டனையைச் சுமக்க நேர்ந்தது. 2025இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கிய சிலருக்கும் இதே நிலை ஏற்பட்டது.

விலை கொடுத்து வாங்கிய பொருளின் பயனை நிறுவனத்தின் சேவையகமே தீர்மானிக்குமெனில், விற்கப்படுவது உடைமையா, வெறும் அனுமதியா? கருவியின் தொடர் எண்ணைக் கொண்டு தடையை முன்கூட்டியே அறியும் வசதியும், பின்னர் வாங்கியவர் முறையிடும் வழியும் வேண்டும். அவை இல்லாதவரை, இந்நடவடிக்கையை நீதி என்பது பொருந்தாது.