மின்வழிப் பணமும் கிளைக் குறியீடும்

பணம் ஓரூரினின்று மற்றோரூர்க்குச் செல்லும் வகை காலந்தோறும் மாறிவந்துள்ளது என்பதை யாவரும் அறிவர். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வாணிகம் நடாத்திய நாளில், உண்டியல் என்னும் ஒரு தாளே பெருந்தொகையைக் கடல் கடத்திற்று. 1880-ஆம் ஆண்டு முதல் அஞ்சல் நிலையத்தார் மணியார்டர் அனுப்பும் தொழிலை மேற்கொண்டனர். தபாற்காரர் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்து, ஆளை அறிந்து, கையொப்பம் பெற்ற பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தார். இவ்விரு முறைகளிலும் பெறுவோர் பெயரே தலைமை பெற்று நின்றது. இந்நாளில் வங்கிகளின் வாயிலாக மின்வழியே செல்லும் பணமோ பெயரை நோக்கிச் செல்வதன்று. இலக்கத்தை நோக்கிச் செல்வது. பெயர் படிவத்தில் எழுதப்படுகின்றது. ஆயினும் பணத்தைச் சேர்ப்பிக்குங்கால் அதற்கு வேலையில்லை. இம்மாற்றத்தை நம்மவர் பலர் உணர்ந்திலர் என்பதும், அதனால் விளையும் கேட்டைப் பெரிதும் எளியோரே சுமக்கின்றனர் என்பதும் எம் கருத்து.

முதலில் குறியீட்டின் அமைப்பை நோக்குவோம். ஐ.எப்.எஸ்.சி. என வழங்கும் கிளைக் குறியீடு 11 இடங்களை உடையது. முதல் நான்கும் ஆங்கில எழுத்துக்கள். அவை வங்கியைக் குறிப்பன. ஐந்தாம் இடத்தில் எப்பொழுதும் சுழியே நிற்கும். அவ்விடம் பிற்காலத் தேவை கருதி ஒதுக்கப்பட்டது. எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பன. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி எனத் தோன்றிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கு டி.எம்.பி.எல். என்பன அந்நான்கெழுத்து, இந்தியன் வங்கிக்கு ஐ.டி.ஐ.பி. இந்தியன் வங்கியின் கிளைகள் பலவற்றில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் பின்னுள்ள ஆறனுள் ஒன்றாய் நிற்றலைக் காணலாம். இலக்கணம் பயிலும் எமக்கு இதனைப் பகுபதம் போலப் பிரித்துக் காண்டல் எளிதாயிற்று. வங்கி பகுதி, கிளை விகுதி, இடையில் தனக்கெனப் பொருளின்றி நிற்கும் சுழி சாரியை. நகைப்பாரும் உளர், நகைக்க. இவ்வாறு பிரித்தறிந்தவன் ஐந்தாம் இடத்தில் சுழிக்கு மாறாக ஆங்கில 'ஓ' எழுத்தை இடான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் குறியீடு ஐ.ஓ.பி.ஏ. எனத் தொடங்குகின்றது. அதன்கண் இரண்டாம் இடத்தில் நிற்பது எழுத்து, ஐந்தாம் இடத்தில் நிற்பது சுழி. கண்ணுக்கோ இரண்டும் ஒரு தன்மையவே.

இக்குறியீட்டைக் கொண்டு பணம் அனுப்பும் வழிகளுள் பெரிதும் வழங்குவது 'நெப்ட்' என்பது. 2005-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய இம்முறையில் அரைமணிக்கொரு தொகுதியாகக் கணக்குத் தீர்க்கப்படுகின்றது. 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் என்றும் விடுமுறை நாள் என்றும் வேறுபாடின்றி நடைபெறுகின்றது. இரண்டு இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உடனுக்குடன் அனுப்புவார்க்கு 'ஆர்.டி.ஜி.எஸ்.' உண்டு. இவற்றின் விரைவையும் செலவின்மையையும் யாம் குறை கூறப் புகுந்திலேம். எம் வினா, பிழை நேர்ந்தால் யாது நிகழும் என்பதே.

குறியீட்டில் மட்டும் பிழை நேர்ந்து, அப்பிழைக் குறியீடு வேறொரு வங்கியினதாயின், அவ்வங்கியில் அக்கணக்கெண் இராமையாற் பெரும்பாலும் பணம் திரும்பிவிடும். அதே வங்கியின் வேறு கிளையாயின், கணக்கெண் வங்கி முழுமைக்கும் ஒன்றே ஆதலால் பல வேளைகளில் உரியவரையே சேரும். இடர் கணக்கெண்ணிலேதான் உள்ளது. ஓரிலக்கம் மாறி, மாறிய எண்ணும் மற்றொருவருடைய கணக்காய் அமைந்துவிடின், படிவத்திற் பெயர் செவ்வனே எழுதப்பட்டிருந்தும் பணம் அம்மற்றொருவரையே சேரும். பெயர் கட்டாயம் எழுதப்படல் வேண்டும், ஆயினும் பணத்தைச் சேர்த்தற்குக் கணக்கெண்ணையே கொள்ளலாம், எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புவோரைச் சார்ந்தது என்று 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவித்தது. தவறிச் சென்ற பணத்தைப் பெற்றவர் திருப்பித் தருதல் வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவின் கட்டளை. எனினும் பெற்றவர் இசையாவிடின் வழக்கு மன்றம் ஏறுதல் வேண்டும். ஒரு பருவக் கட்டணத்திற்காகக் கம்மலை அடகு வைத்த தாய் எந்த மன்றத்தில் ஏறுவாள்?

கணக்கெண்ணை இருமுறை எழுதுவிக்கின்றார்களே, அது காவலன்றோ எனின், அன்று. கைதவறினால் அது காக்கும். பார்த்தெழுதும் தாளிலேயே பிழை இருப்பின் இருமுறையும் அதே பிழைதான் எழுதப்படும். நம் நூலகத்தில் உள்ள அச்சு நூலொன்றின் பின்னட்டையை நோக்குக. அதன் 13 இலக்க எண்ணில் இறுதி இலக்கம் ஏனைய பன்னிரண்டையும் காக்கும் காவலிலக்கம். ஏதேனும் ஓரிலக்கம் மாறினும் கணக்கு ஒவ்வாது காட்டிக்கொடுக்கும். ஆதார் எண்ணின் இறுதி இலக்கமும் அத்தகையதே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழங்கும் 'ஐபான்' என்னும் கணக்கெண்ணில் இத்தகைய காவலிலக்கங்கள் இரண்டு உள. நம் கிளைக் குறியீட்டிலோ அஃது இல்லை. கணக்கெண்களும் வங்கிக்கு வங்கி நீளம் வேறுபட்டன. ஸ்டேட் வங்கியில் 11, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15. நாடு முழுமைக்கும் பொதுவானதொரு காவலிலக்கம் அவற்றிற்கு இல்லை. ஒரு நூலின் எண்ணுக்கு அளித்த காவலை மாணவன் ஒருவனது கட்டணத்திற்கு அளியாமை எங்ஙனம் பொருந்தும்?

யு.பி.ஐ. முறை 2016-இல் தோன்றிய பின்னர் இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்பாரும் உளர். தேநீர்க் கடையிற் பத்து ரூபாய் கொடுப்பார்க்கு அம்முறை சாலும். ஆண்டுப் பெறுவோர் பெயரும் திரையில் தோன்றுகின்றது. ஆயின் பெருந்தொகைகளுக்கும் உதவித்தொகைப் படிவங்களுக்கும் இன்றும் கணக்கெண்ணும் கிளைக் குறியீடுமே கேட்கப்படுகின்றன. பத்து ரூபாய்க்குப் பெயர் காட்டிய காலத்தில் இலட்ச ரூபாய்க்குப் பெயர் காட்டாதிருந்தது பெருவியப்பு. 2024 டிசம்பர் 30-ஆம் நாள் ரிசர்வ் வங்கி இக்குறையை நோக்கியது. அனுப்புவோர் கணக்கெண்ணையும் குறியீட்டையும் தந்தவுடன் பெறுவோர் பெயரைக் காட்டும் வசதியை, 2025 ஏப்ரல் 1-க்குள், கட்டணமின்றி, கிளைக்கு நேரில் வருவார்க்கும் வங்கிகள் அளித்தல் வேண்டும் என்று பணித்தது. இதனை யாம் பெரிதும் வரவேற்கின்றோம். ஆயினும் பெயரைக் கண்டு ஒப்பிட்டு முடிவு செய்வது அனுப்புவோர் கடனாகவே விடப்பட்டது. ஆங்கில எழுத்தறியாத தந்தை எதனை எதனொடு ஒப்பிடுவார்? கிளைகளில் அப்பெயரை எழுத்தர் வாய்விட்டுப் படித்துச் சொல்லுதலை வழக்கமாக்குதல் வேண்டும். தபாற்காரர் செய்த வேலை அதுவே.

மற்றொரு துன்பம் வங்கிகள் ஒன்றோடொன்று இணைதலால் வருவது. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. சிண்டிகேட் வங்கியின் பழைய குறியீடுகள் 2021 ஜூலை முதல் செல்லாவாயின. 1926-இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியிற் கலந்தது, அதன் குறியீடுகளும் பின்னர் மாறின. பெட்டியடியிற் கிடக்கும் பழைய காசோலைப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் நோக்கிக் குறியீட்டை எடுத்தெழுதுவார் இன்றும் உளர். பணம் இழக்கப்படுவதில்லையாயினும் கட்டணத்தின் கடைசி நாள் கழிந்துவிடுகின்றது. குடிபெயர்ந்தவரது கடிதத்தை அஞ்சல் நிலையத்தார் புதிய முகவரிக்குத் திருப்பி விடுத்தல் போலப் பழைய குறியீட்டைப் புதியதற்கு என்றும் திருப்பிவிடுதல் வங்கிகளுக்கு அரிய செயலன்று. இஃது எம் துணிபு.

எம் கல்லூரி அலுவலகத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். கட்டணச் சீட்டில் குறியீட்டை நான்கு, ஒன்று, ஆறு எனப் பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிடுக. கணக்கின் பெயர் திரையில் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே ஆங்கிலத்திலும், அதன் கீழ்த் தமிழிலும் அச்சிடுக. மாணவர் சேர்க்கை நாட்களில் இவற்றைப் படித்துச் சொல்லித் தமிழ் மன்றத்தார் இருவர் அலுவலக வாயிலில் அமர்ந்திருத்தல் நலம். அதற்கு ஆட்கள் வேண்டப்படின், முதலிற் பெயர் கொடுப்போர் யாமே.