"டயர்" என்றால் வண்டிச் சக்கரம் மட்டுமல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் ஆங்கிலம் படிப்பிக்கிற சக ஆசிரியர்களும் கோபிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

தரம் 10 பிள்ளை ஒன்று கட்டுரையில் எழுதியிருந்தது: "மை ஃபாதர் இஸ் எ டயர் மேன்." வாப்பா கடலுக்குப் போகிறவர், இப்போது தொழில் இல்லை. "டயர் என்றால் என்ன மகள்?" என்று கேட்டேன். "கஷ்டமான, சேர். டியூஷன் லிஸ்ட்டில இருக்கு" என்றது.

பிழை பிள்ளையில் இல்லை. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று போட்டு மனனம் பண்ண வைக்கிற நம்மில்தான்.

இந்தச் சொல் ஆளைச் சொல்வதற்கில்லை, ஆள் மாட்டிக்கொண்ட நிலைமையைச் சொல்வதற்கு. "த சிச்சுவேஷன் இஸ் டயர்" சரி. "தே ஆர் இன் டயர் நீட் ஒஃப் மெடிசின்" சரி. டயர் பொவர்ட்டி, டயர் வோர்னிங், எல்லாம் சரி. ஆனால் பிரித்தானியப் பேச்சு வழக்கில் ஒரு படத்தை டயர் என்றால் "படுமோசம், பார்க்க ஏலாது" என்று அர்த்தம். அந்தப் பிள்ளை தன் வாப்பாவைப் பற்றி என்ன எழுதிவிட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

"டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்" என்பதையும் லிஸ்ட்டில் போடுகிறோம். ஸ்ட்ரெய்ட் என்றால் நீரிணை, நம் பாக்கு நீரிணையில் வருகிற அதே சொல். இரண்டு பக்கமும் நெருக்கும் ஒடுங்கிய இடம். கடற்தொழிலாளியின் பிள்ளைக்கு இதைச் சொன்னால் மறக்குமா?

உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற பிள்ளைகள்தான் இவர்கள். "இன் 2022 ஸ்ரீ லங்கா வொஸ் இன் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்." இந்த வசனத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

ஊர்க் கழகத்தாருக்கும் ஒன்று. கிரிக்கட் ஜேர்சி வாங்க "இன் டயர் நீட்" என்று போஸ்டர் அடிக்கிறீர்கள். நாளை ஒருவருக்கு டயாலிசிஸ் செய்ய காசு சேர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவீர்கள்? ஜேர்சிக்கு "வி நீட்" போதும்.

"எக்ஸாமுக்கு லிஸ்ட் காணும் சேர்" என்பீர்கள். காணாது. ஓ/எல் வினாத்தாளில் கடிதமும் கட்டுரையும் வருகிறது. அங்கே வசனத்துக்குத்தான் புள்ளி.

ஐம்பது சொல்லைக் கொடுக்காதீர்கள். ஐந்தைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்து மூன்று வசனம் எழுதட்டும்.

அந்தப் பிள்ளை திருத்தி எழுதியது: "மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன். தீஸ் ஆர் டயர் டைம்ஸ் ஃபோர் அஸ்."

கஷ்டம் காலத்தின் மேல் போனது. வாப்பா வாப்பாவாகவே நின்றார்.