ரெஸ்வெரட்ராலும் முதுமையும்

காயகற்பம் தேடி அலைந்த முன்னோரை நகைக்கும் நாம், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளைக் குளிகையாக்கிக் குப்பியில் அடைத்து விற்குங்கால், ‘விஞ்ஞானம் கண்டது’ எனத் தலைவணங்குகின்றோம். விஞ்ஞானம் கண்டதுதான் யாது?

2003-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு இதனை அளித்து, அதன் ஆயுள் நீண்டதெனக் கூறினர். 2006-ல் மிகு கொழுப்புணவு உண்டு பருத்த சுண்டெலிகள் இதனால் நெடிது வாழ்ந்தன. உலகம் ஆரவாரித்தது, 2008-ல் பெரிய மருந்துக் கம்பெனியொன்று இவ்வாராய்ச்சியினின்று எழுந்த சிறு கம்பெனியை 72 கோடி டாலருக்கு வாங்கிற்று. ஆயின், வழக்கமான உணவுண்ட சுண்டெலிகளை வைத்து அமெரிக்க அரசாங்கத்தின் ஆதரவில் மூன்று இடங்களில் நடத்திய சோதனையில் ஆயுள் நீளவில்லையென்று 2011-ல் வெளியாயிற்று. இச்செய்தியைக் குப்பியின்மேல் நாம் கண்டதில்லை.

இனி மனிதரை நோக்குவோம். உட்கொண்ட பொருளிற் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் உருமாறிவிடுகின்றது. மாறாது குருதியில் உலவுவது மிகச் சொற்பம். செம்மதுவுக்குப் பெயர்பெற்ற இத்தாலியின் கியாந்திப் பகுதியில், 65 வயதும் அதற்கு மேலும் உடைய 783 பேரை ஒன்பதாண்டுகள் கவனித்தனர். சிறுநீரில் இப்பொருளின் சுவடு மிக்கிருந்தார்க்கும் குறைந்திருந்தார்க்கும் மரணத்திலோ, இருதய நோயிலோ, புற்றுநோயிலோ வேற்றுமை காணவில்லை என 2014-ல் எழுதினர். (இதைச் சொல்லி மதுவுக்கு வக்காலத்து வாங்குவோரும் உளர், ஒரு லிட்டர் மதுவில் இருப்பது சில மில்லிகிராமே.)

அஃது உணவின் வழி வந்தது, குளிகையன்று என வணிகர் மறுக்கலாம். மறுக்கட்டும். கோபன்ஹேகன் நகரத்தார் குளிகையையே கொடுத்துப் பார்த்தனர். 65 வயதை ஒட்டிய 27 ஆடவர் எட்டு வாரம் கடுந் தேகப்பயிற்சி செய்தனர். ஒரு சாரார் தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் உண்டனர். மறுசாரார் மருந்தில்லா வெறுங் குளிகை உண்டனர். பயிற்சியால் இரத்த அழுத்தமும் இரத்தக் கொழுப்பும் தணிந்தது யாரிடத்தே? வெறுங் குளிகை உண்டாரிடத்தே! மூச்சின் வலிமையும் அவர்க்கே மிகுதியாக வளர்ந்தது. 2013-ல் வெளியான இது சிறிய சோதனையே. இதுகொண்டு முடிவு கட்டுதல் நேர்மையன்று.

எனினும், ஓய்வூதியப் பணத்தில் மாதந்தோறும் இக்குப்பியை வாங்கும் பெரியவர் ஒருவர், ‘என் மாலை நடையின் பயனை இது கூட்டுமா, குறைக்குமா?’ என்று கேட்பாராயின், உறுதியாய் விடையளிக்கத் தக்க சான்று விற்பவரிடத்தே இல்லை.